27 படிகளில் 11 காணாமல் போன கதை

மருத்துவமனையின் பின்கட்டு – 9

எலும்புக்குப் புற்றுநோய் பரவியவர்களுக்கு ராத்திரிதான் பெரிய எதிரி. புரண்டு படுக்க முடியாது. மாத்திரையின் வேகம் விடிவதற்குள் தீர்ந்துவிடும். அந்த வலியைத் தணிப்பதில் கதிர்வீச்சுக்கு நல்ல பெயர் உண்டு. சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்குச் சில வாரங்களில் வலி குறைகிறது. ஆனால், "கரண்ட் வைக்கணும்" என்று டாக்டர் சொல்லும் நாளுக்கும், முதல் கரண்ட் வைக்கும் நாளுக்கும் நடுவில் பல மையங்களில் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இயந்திரம் இருக்கிறது, இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அந்த நாள்களில் என்னதான் நடக்கிறது?

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சுத் துறை இந்தக் கேள்வியை வெளியார் யாரிடமும் கேட்கவில்லை, தன்னிடமே கேட்டுக்கொண்டது. அந்த ஊரின் இருப்பிடமும் முக்கியம். கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டொயோட்டாவின் வேலைமுறையை அலசி 2004-ல் 'தி டொயோட்டா வே' நூலை எழுதிய ஜெஃப்ரி லைக்கர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வாடிக்கையாளருக்குப் பயன் தராத எதுவும் விரயம். காத்திருப்பது, தேடுவது, ஒரே வேலையை இருமுறை செய்வது எல்லாமே விரயம் என்பதுதான் டொயோட்டா முறையின் அடிப்படை. கார் பட்டறையில் பிறந்த இந்தப் பார்வையை மருத்துவமனைக்குள் கொண்டுவருவது அன்றைக்கு அமெரிக்காவில் பரவிவந்த பழக்கம். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002-லேயே தன் நிர்வாகிகளை ஜப்பான் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிப் பாடம் கற்றுவரச் சொன்னது.

மிச்சிகன் குழு எடுத்துக்கொண்டது, எலும்புக்கோ மூளைக்கோ நோய் பரவி வருபவர்களின் சிகிச்சை. முதல் ஆலோசனை தொடங்கி முதல் கதிர்வீச்சு வரை நோயாளியின் காரியம் எத்தனை படிகளைத் தாண்டுகிறது என்று எண்ணினார்கள். 27 வந்தது. அவற்றைப் பிரித்துப் போட்டு, வேண்டாதவற்றை உதறி, ஆளுக்கு ஒரு விதமாக இருந்த வழக்கங்களை ஒரே விதமாக்கி மறுபடி அடுக்கியபோது 16 ஆனது. ஆலோசனை, சிமுலேஷன் (திட்டமிடலுக்கான ஸ்கேன்), சிகிச்சை மூன்றும் ஒரே நாளில் கிடைத்தவர்கள் முன்பு 43 சதவீதம். மாற்றத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 95 சதவீதம். 2007-ல் இந்தக் கணக்கு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

கணக்கைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த 11 படிகள் எங்கே ஒளிந்திருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, கதிர்வீச்சு மையத்தின் உள்கட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மையம் என்பது ஒரு பெரிய இயந்திரமும், தடித்த கான்கிரீட் அறையும், அதன் கனத்த கதவும்தான். நோயாளியின் மேல் கதிர் விழுவது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. முதலில் சிமுலேஷன்: எந்த நிலையில் படுத்துச் சிகிச்சை பெறப்போகிறாரோ அதே நிலையில் படுக்கவைத்து சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தலை, கழுத்து என்றால் வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்வார்கள். பிறகு டாக்டர் அந்த ஸ்கேன் படங்களில், ஏறத்தாழ ஒவ்வொரு வெட்டுத் தோற்றத்திலும், கட்டியின் எல்லையையும் காப்பாற்ற வேண்டிய உறுப்புகளின் எல்லையையும் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். அடுத்து, எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் என்று கணினியில் திட்டம் போட வேண்டும். டாக்டர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பின்தான் டெக்னாலஜிஸ்ட்டிடம் வந்து, நோயாளியின் பெயர் அன்றைய பட்டியலில் ஏறும்.

இத்தனை கைகளில் ஒரு கை தாமதித்தாலும் சங்கிலி அங்கேயே நிற்கும். பழைய ஆபரேஷன் குறிப்பும் பயாப்ஸி முடிவும் வேறொரு மருத்துவமனையிலிருந்து வரவில்லை, எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டைத் திறக்க முடியவில்லை; கோடு போட வேண்டிய டாக்டர் ஓ.பி.யில் மாட்டிக்கொண்டார், திட்டம் தயார், ஒப்புதல் இல்லை. கல்யாண வீட்டில் அடுப்படி நிறையச் சமையல் தயாராக இருந்தும், எச்சில் இலை எடுக்க ஆளில்லாமல் அடுத்த பந்தி வாசலிலேயே நிற்குமே, அந்தக் கதைதான். இன்னொரு அடுப்பு மூட்டுவதால் அந்தப் பந்தி நகராது. பல கோடி ரூபாய்க்குப் புது இயந்திரம் வாங்கியும் வரிசை குறையாத மையங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தச் சங்கிலிதான்.

பல மையங்களில் அதிக நாள் தேங்கும் இடம், டாக்டர் கோடு போடும் அந்த வேலை. தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு நோயாளிக்கே மணிக்கணக்கில் பிடிக்கும். அங்கேதான் இப்போது செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் ராஜ் ஜெனா என்ற புற்றுநோய் மருத்துவரின் குழு உருவாக்கிய மென்பொருள், உறுப்புகளின் எல்லையை முன்கூட்டியே வரைந்து வைக்கிறது. டாக்டர் தனியாகச் செய்வதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் திட்டமிட முடிகிறது என்று 2023-ல் அந்த மருத்துவமனை அறிவித்தது. வரைந்தது மென்பொருள் என்றாலும், ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத் திருத்தி ஒப்புக்கொள்ளும் பொறுப்பு டாக்டருடையதே. அதை விட்டுக்கொடுத்து எவரும் வேகம் தேடவில்லை.

இனி, இயந்திரத்தின் வாசல் வரிசை. இதை முறைப்படுத்துவதும் தனிக் கலை. காலையில் முதல் ஆள் உள்ளே போவதற்கு முன்பே இயற்பியல் பிரிவு வந்து, இயந்திரம் தர வேண்டிய அளவைத் தருகிறதா என்று சோதித்தாக வேண்டும். இது அன்றாடம். மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டிய குழந்தைகளைக் காலையிலேயே முடித்துவிடுவது வழக்கம். வெறும் வயிற்றில் ஒரு பிள்ளையை மதியம் வரை உட்காரவைக்க முடியாது. புராஸ்டேட், கருப்பைவாய் நோயாளிகளின் சங்கதி இன்னும் நுட்பமானது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் கொஞ்சம் விலகிக் கதிரிலிருந்து தப்பும் என்பதால், குறித்த அளவு தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். இயந்திரம் அரை மணி நேரம் பின்தங்கினால் அவரால் அடக்க முடியாது. போய்விட்டு வந்து மறுபடி குடித்து, மறுபடி காத்திருக்க வேண்டும். ஒருவருடைய தாமதம் அவருக்குப் பின்னால் இருக்கும் பத்துப் பேருடைய தாமதமாகிறது. "தண்ணி குடிச்சுட்டீங்களா?" என்று கேட்கும் ஊழியருக்கு உள்ளே என்ன நேரத்தில் வேலை ஓடுகிறது என்று தெரிந்திருப்பது, புதிய கருவி ஒன்றுக்குச் சமம்.

சின்னச் சின்ன ஏற்பாடுகளும் உண்டு. ஒரு உடை மாற்றும் அறைக்குப் பதில் இரண்டு இருந்தால், ஒருவர் சிகிச்சையில் இருக்கும்போதே அடுத்தவர் தயாராகிவிடுவார். எந்த மாஸ்க் எந்த அலமாரியில் என்று தேடாமல் எடுக்க முடிந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் மிச்சம். நாளைக்கு 50 பேர் வரும் இயந்திரத்தில் அது 50 நிமிடம்.

கோபால்ட் இயந்திரம் வைத்திருக்கும் மையங்களுக்கு இன்னொரு தலைவலி. அதிலுள்ள கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் ஏறத்தாழ 5.3 ஆண்டுகளில் பாதியாகிவிடும். புதிதாக இருந்தபோது ஒரு நிமிடத்தில் கொடுத்த அளவைக் கொடுக்க அப்போது இரண்டு நிமிடம் வேண்டும். கதிர்மூலத்தை மாற்றுவதற்கான கோப்பு எங்கோ ஒரு மேசையில் தூங்கினால், அதே ஆள்கள், அதே இயந்திரம், அதே எண்ணிக்கை நோயாளிகள் இருந்தும் வரிசை வருடா வருடம் நீளும். யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். இப்படிச் சத்தமில்லாமல் மெதுவாகும் சிகிச்சை முறை வேறு அதிகம் இல்லை.

இந்த இடத்தில் நியாயமான ஒரு பயம் எழும். படிகளைக் குறைக்கிறேன், நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று போய், சரிபார்ப்பை வெட்டிவிட்டால்? கதிர்வீச்சு வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம் இதைப் பற்றியதுதான்.

கனடாவில் தயாரான 'தெராக்-25' இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். அதில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரத்து விபத்து 1986 மார்ச்சில் நடந்தது. இயந்திரத்தை இயக்கிய பெண் அனுபவசாலி, விரல்கள் வேகமானவை. எலக்ட்ரான் கதிருக்கான எழுத்துக்குப் பதில் எக்ஸ்ரே கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே மேலே போய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஆனால் காந்தங்கள் அமர்வதற்கு இயந்திரம் எடுத்துக்கொண்ட சுமார் எட்டு விநாடிக்குள் அந்தத் திருத்தம் முடிந்துவிட்டதால், மென்பொருள் அதைக் கவனிக்கவே இல்லை. 'கோளாறு 54' என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. அதன் பொருளை விளக்கும் குறிப்பு கையேட்டில் இல்லை. அப்படிப்பட்ட செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வரும், ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை தொடரும் என்பது அவருடைய அன்றாட அனுபவம். அழுத்தினார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய மாதிரிகளில் இருந்த, மின்சுற்றிலேயே அமைந்த பாதுகாப்புத் தடைகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியவர்கள் வேறு ஆள்கள். கை வேகமானவரைத் தண்டிக்கும் ஓர் இயந்திரத்தை வடிவமைத்ததுதான் குற்றம்.

அப்படியென்றால் சரிபார்ப்புகள் எத்தனை அதிகமோ அத்தனை நல்லதா? அதுவும் இல்லை. எரிக் ஃபோர்ட் என்ற மருத்துவ இயற்பியலாளரும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே ருசிகரமானது. அமெரிக்காவின் இரண்டு மருத்துவமனைகளில் பதிவான தவறுகளையும் மயிரிழையில் தப்பிய தவறுகளையும் எடுத்து, அவற்றில் கடுமையானவற்றை எந்தச் சோதனை பிடித்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். முன்வரிசையில் வந்தது, இயற்பியலாளர் ஒருவர் உட்கார்ந்து சிகிச்சைத் திட்டத்தையும் குறிப்புகளையும் நிதானமாகப் படித்துப் பார்ப்பது. கடைசி வரிசையில் வந்தது, ஒவ்வொரு நோயாளியின் திட்டத்தையும் வெற்று இயந்திரத்தில் ஓட்டி அளந்து பார்க்கும் சோதனை. மையங்கள் மாலை நேரங்களைக் கொட்டிச் செய்யும் வேலை அது! தனியாக எந்தச் சோதனையும் போதாது, நன்றாகத் தேர்ந்தெடுத்த சில சோதனைகள் சேர்ந்தால் பெரும்பாலான தவறுகள் சிக்கும் என்றும் அந்த ஆய்வு சொன்னது. 2016-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 100ஆம் பணிக்குழு அறிக்கையும் இதே வழியில் போனது. எல்லாவற்றையும் ஒரே கடுமையுடன் சோதித்துக் களைத்துப்போவதை விட்டு, எந்தப் படியில் தவறினால் நோயாளிக்கு அதிக ஆபத்து என்று முதலில் கணித்து, அங்கே காவலை வையுங்கள் என்றது.

இதுவரை பார்த்ததெல்லாம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம். உண்மையில் மிகப் பெரிய மிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்தது: சிட்டிங் எண்ணிக்கை, அதாவது ஒருவர் எத்தனை தடவை கதிர்வீச்சுக்குப் படுக்க வேண்டும் என்பது.

டொரான்டோவின் சன்னிபுரூக் மையம் 1996-ல் வலி நிவாரணத்துக்கென்றே விரைவுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. காலையில் வந்து டாக்டரைப் பார்ப்பவர் அன்றே திட்டமிட்டு, அன்றே சிகிச்சை முடித்துப் போகலாம். இது கைகூடுவதற்குக் காரணம், எலும்பு வலிக்குப் பத்து நாள் கதிர்வீச்சு கொடுப்பதற்குப் பதில் 8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவை ஒரே தடவையில் கொடுத்தாலும் வலி அதே அளவு குறைகிறது என்று சோதனைகள் அடுத்தடுத்துக் காட்டியது. நெதர்லாந்தில் 1,171 பேரை வைத்துச் செய்த சோதனை 1999-ல் வெளியானது. அதிலும் அதே முடிவு. ஒரே ஒரு குறை: ஒற்றைச் சிட்டிங் பெற்றவர்களில் அதிகம் பேருக்குப் பின்னால் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருந்தது. நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பத்து நாள் அலைச்சலுக்கு அது மேல்.

மார்பகப் புற்றுநோயில் நடந்தது இதைவிடப் பெரிது. ஆபரேஷனுக்குப் பின் 25 சிட்டிங், ஐந்து வாரம் என்பது பல காலம் எழுதாத சட்டம். பிரிட்டனின் 'ஸ்டார்ட்' சோதனைகள் 2008-ல் அதை 15 ஆக்கின. 'ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்' சோதனை 4,096 பேரை 97 மருத்துவமனைகளில் சேர்த்து, ஒரே வாரத்தில் ஐந்து சிட்டிங் போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவித்தது. கொரோனா உச்சத்தில் இருந்த மாதம் அது. பிரிட்டன் மருத்துவமனைகள் அந்த முறைக்கு உடனே மாறத் தொடங்கின. நூறு பெண்களுக்கு 2,500 முறை திறக்க வேண்டியிருந்த கதவை, 500 முறை திறந்தால் போதும் என்று பொருள். மிச்சமாகும் 2,000 இடங்களில் இன்னும் எத்தனையோ பேர் படுக்கலாம். எந்த டொயோட்டா நிபுணரும் இத்தனை இடத்தை மிச்சம் பிடித்துத் தந்ததில்லை. புராஸ்டேட்டிலும் 37 சிட்டிங்குக்கு 20 ஈடாகும் என்று 'சிப்' சோதனை 2016-ல் காட்டியது. எல்லாருக்கும் இது பொருந்தாது. எந்த நோய், எந்தக் கட்டம், முன்பு என்ன சிகிச்சை என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் நேரம் நோயாளிக்கு எதிராக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றிலும் கருப்பைவாய்ப் புற்றிலும் நடுவில் நாள் விட்டுப்போனால், மிச்சமிருக்கும் புற்றணுக்கள் அந்த இடைவெளியில் பெருகும். கருப்பைவாய்க்கு வெளிக்கதிரும் உட்கதிரும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை கரைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் இப்படிப்பட்ட நோய்களை முதல் பிரிவில் வைத்து, சிகிச்சை திட்டமிட்டதைவிட இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. இயந்திரம் பழுதானால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரே குணமுள்ளதாகப் பொருத்தி வைத்த இரண்டாவது இயந்திரத்துக்கு நோயாளியை மாற்றலாம், சனிக்கிழமை வரவழைக்கலாம், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு சிட்டிங் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே 'பாபாட்ரான்' என்ற கோபால்ட் இயந்திரத்தை வடிவமைத்தது. கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டர், மார்பகத்துக்கு ஒரு வார முறையை நம் நாட்டுப் பெண்களிடம் சோதித்துப் பார்க்கத் தனி ஆய்வே நடத்தியது. ஆனாலும் இந்தியாவில் தேவைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. தொலைதூரத்திலிருந்து வந்து ஐந்து, ஆறு வாரம் அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களுக்கு, ஒரு நாள் தாமதம் என்பது ஒரு நாள் கூலியும் ஒரு நாள் அறை வாடகையும். சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு நோயைவிடப் பல நேரம் இந்தச் செலவுதான் காரணம்.

எனவே, கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் வாசகர்களுக்கும் அவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய ஸ்கேன் குறுந்தகடு, பயாப்ஸி முடிவு, ஆபரேஷன் குறிப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டு முதல் நாளே கொண்டுபோங்கள். சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் கையில் இருக்கிறது. "எத்தனை சிட்டிங்?" என்று மட்டும் கேட்காமல், "குறைவான சிட்டிங்கில் முடிக்கும் முறை எனக்குப் பொருந்துமா டாக்டர்?" என்றும் கேளுங்கள். தொடங்கிய பிறகு கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று ஒரு நாளும் விடாதீர்கள். இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்பினால், விடுபட்ட நாளை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு, பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகே வீடு திரும்புங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

(அடுத்த வாரம்: ரத்த வங்கி)